"அதர் எத்னிக் குரூப்ஸ்": ஓர் ஒப்பந்தத்துக்குள் நாங்கள் எங்கே இருந்தோம்?

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

ஒரு சொல் இரண்டு பொருள் தந்தால் தமிழில் அதைச் சிலேடை என்போம். காளமேகப் புலவரைப் படிப்பிக்கும்போது பிள்ளைகள் ரசித்துச் சிரிப்பார்கள். ஆங்கிலத்திலும் அப்படி விளையாட்டாக எழுதுவது உண்டு. ஆனால் அரசுகள் எழுதும் ஆங்கிலத்தில் இன்னொரு வகைச் சிலேடை இருக்கிறது. இரண்டு தரப்பும் கையெழுத்து வைக்கவேண்டும், ஆனால் இரண்டு தரப்புக்கும் உடன்பாடு இல்லை என்றால், இரண்டு பேரும் தங்களுக்கு ஏற்றமாதிரி வாசிக்கக்கூடிய ஒரு சொல்லைத் தேடிப் போடுவார்கள். கைதவறி வருவதல்ல அது, யோசித்துப் போடுவது. பேச்சுக்கு வந்த இருவருக்கும் அது வசதி. பேச்சுக்கு அழைக்கப்படாத மூன்றாமவர் யார், அவருடைய கதி என்ன என்பதுதான் எனக்குள்ள கேள்வி.

எங்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் பலஸ்தீனம். 1917 நவம்பர் 2ஆம் திகதி பிரித்தானிய வெளிநாட்டமைச்சர் ஆதர் பல்ஃபர் எழுதிய கடிதத்தின் முக்கிய பகுதி ஒரேயொரு வசனம். யூத மக்களுக்குப் பலஸ்தீனத்தில் ஒரு "நஷனல் ஹோம்" என்றது அது. 'ஸ்டேட்', அதாவது அரசு, என்று எழுதவில்லை. நாடு வேண்டும் என்றவர்கள் அதை நாடு என்று வாசித்தார்கள். பிரச்சினை வளர்ந்தபோது, பலஸ்தீனம் முழுவதையும் அப்படி மாற்றும் எண்ணம் இல்லை என்று 1922இல் பிரித்தானியாவே விளக்கம் சொல்லவும் அதே சொல் இடம்கொடுத்தது. இதைவிட எனக்கு உறுத்துவது அந்த வசனத்தின் அடுத்த பகுதி. அன்று அங்கு வாழ்ந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் அரபிகள். வசனத்தில் 'அரபு' என்ற சொல்லே கிடையாது. "அங்கு இருக்கும் யூதரல்லாத சமூகங்கள்" என்று மட்டும் இருக்கிறது. அவர்களுடைய சிவில், சமய உரிமைகள் காக்கப்படும் என்றார்கள். அரசியல் உரிமை பற்றி ஒரு சொல் இல்லை.

ஐம்பது வருடம் கழித்து, 1967 நவம்பரில், ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 242ஆம் தீர்மானம். போரில் பிடித்த பிரதேசங்களிலிருந்து இஸ்ரேல் விலகவேண்டும் என்கிறது. ஆங்கிலப் பிரதியில் 'டெரிட்டரீஸ்' என்பதற்கு முன்னால் 'த' இல்லை. எல்லாப் பிரதேசங்களுமா, சிலவா? இன்றுவரை வாதம் நடக்கிறது. 'த' எங்கே போடுவது, எங்கே விடுவது என்று பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்தத் தீர்மானம்தான் ஞாபகம் வரும்.

எங்கள் நாட்டுக்கு வருவோம். இங்கும் பஞ்சம் இல்லை. 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பிறகு தமிழுக்குக் கொடுத்த வாக்குறுதி "ரீசனபிள் யூஸ்", நியாயமான பாவனை. எது நியாயம்? 1958இல் சட்டம் வந்தது, அதற்கான ஒழுங்குவிதிகள் நிறைவேற 1966 ஆனது. தந்தை செல்வாவின் கட்சிக்கு 1949 முதல் ஆங்கிலத்தில் 'ஃபெடரல் பார்ட்டி', தமிழில் 'தமிழ் அரசுக் கட்சி'. சமஷ்டி ஒன்று, அரசு இன்னொன்று. தெற்கில் அதை வைத்தே பல தேர்தல் மேடைகள் ஓடின.

நான் சொல்ல வந்தது 1987 யூலை 29ஆம் திகதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் கையெழுத்திட்ட இலங்கை – இந்திய ஒப்பந்தம். அதன் 1.2ஆம் பந்தியில் இலங்கை பல்லினச் சமூகம் என்று சொல்லி சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று பெயர் சொல்கிறார்கள். அங்கே நாங்கள் இருக்கிறோம். இரண்டு பந்தி தள்ளி 1.4க்குப் போனால், வடக்கும் கிழக்கும் இலங்கைத் "தமிழ் ஸ்பீக்கிங் பீப்பிள்ஸ்" வரலாற்று ரீதியாக வாழ்ந்துவந்த பகுதிகள், அவர்கள் அங்கு "அதர் எத்னிக் குரூப்ஸ்" உடன் சேர்ந்து வாழ்ந்துவந்தார்கள் என்று வருகிறது.

'பீப்பிள்ஸ்' என்பதன் கடைசியில் உள்ள 'ஸ்' ஐக் கவனியுங்கள். ஒரு மக்கள் அல்ல, மக்கள் கூட்டங்கள். அப்படியானால் தமிழ் பேசும் முஸ்லிம்களும் அதற்குள் அடக்கம் என்று வாசிக்கலாம். மண் எங்களுக்கும் உரியது, ஆனால் பெயர் இல்லை. மற்ற வாசிப்பில் தமிழ் பேசுவோர் என்றால் தமிழர், நாங்கள் 'ஏனைய இனக்குழுக்கள்'. அப்போது நாங்கள் மண்ணுக்குரியவர்களோடு கூட இருந்தவர்கள். இரண்டில் எப்படி வாசித்தாலும் முஸ்லிம் என்ற சொல் அந்த வசனத்தில் இல்லை.

இது எங்களைக் குறிவைத்து எழுதியது என்று நான் நினைக்கவில்லை. 1985இல் திம்புவில் தமிழ் இயக்கங்களும் கட்சிகளும் கேட்டது 'தாயகம்'. கொழும்பு அந்தச் சொல்லை ஏற்காது. ஆகவே "வரலாற்று ரீதியான வாழிடம்" என்று போட்டார்கள். தமிழ்த் தரப்பு தாயகம் என்று வாசிக்கலாம், கொழும்பு 'அங்கே வாழ்ந்தார்கள், அவ்வளவுதான்' என்று வாசிக்கலாம். அந்தச் சமாளிப்புக்குள் நாங்கள் 'ஏனைய' ஆகிப்போனோம்.

எங்கள் வீட்டிலும் பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் தமிழ்தான். மொழியில் எங்களுக்கு ஒரு பிணக்கும் இல்லை. ஆனால் மொழியை வைத்து இனத்தைச் சொல்லும் பழக்கம் பழையது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகர் இனத்தால் தமிழரே என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் ஆங்கிலத்திலேயே மறுப்பு எழுதினார். 'தமிழ்' என்ற ஒரே சொல் மொழியையும் இனத்தையும் குறிப்பதால் வந்த சண்டை அது.

ஒப்பந்தத்துக்கு மூன்று வருடத்துக்குப் பிறகு, 1990 ஒக்டோபர் 30. ஜின்னா மைதானமும் அந்த இரண்டு மணித்தியாலமும் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு வசனத்தால் அது நடந்தது என்று சொல்லமாட்டேன். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எடுத்த முடிவு அது. ஆனால் 'இந்த மண் எங்களுக்கும் உரியது என்று இங்கே எழுதியிருக்கிறதே' என்று எடுத்துக் காட்ட எங்கள் கையில் ஒரு வரி இருக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஆங்கிலமும் அப்படித்தான். 'டிஸ்பிளேஸ்ட்' என்றார்கள். வெள்ளத்தால் போனவரும் அதுதான், ஷெல்லடிக்குப் பயந்து ஓடியவரும் அதுதான், கட்டளையிட்டு வெளியேற்றப்பட்டவரும் அதுதான். வெளியேற்றியவர் யார் என்று அந்தச் சொல்லைக் கேட்கவே முடியாது. தமிழில் 'இடம்பெயர்ந்தோர்' என்று மொழிபெயர்த்தபோது நிலைமை இன்னும் மோசம், நாங்களாகவே எழும்பிப் போனமாதிரி ஆகிவிட்டது. 2011இல் எங்கள் வரலாற்றை விசாரித்த பிரஜைகள் ஆணைக்குழு தன் பெயரிலேயே 'எக்ஸ்பல்ஷன்', வெளியேற்றம், என்று போட்டது. எனக்கு அதில் பெரிய ஆறுதல்.

யுத்தம் முடிந்ததும் இன்னொரு பெயர் வந்தது. 2008 ஏப்ரலுக்குப் பிறகு இடம்பெயர்ந்தவர்கள் 'நியூ', அதற்கு முன் போனவர்கள் 'ஓல்ட்'. அலுவலகத்துக்கு அது வெறும் திகதி. ஆனால் 'பழைய' என்றால் முடிந்துபோன, பழகிப்போன என்றும் பொருள். மீள்குடியேற்ற உதவிகளில் முன்னுரிமை 'புதியவர்களுக்கு' போனது. மெனிக் முகாமிலிருந்து வந்த சனத்துக்கு அது கட்டாயம் வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் புத்தளத்தில் இருபது வருடம் கிடுகுக் கொட்டிலில் இருந்த எங்கள் சனத்துக்கு 'நீங்கள் அங்கேயே செட்டிலாகிவிட்டீர்கள்தானே' என்ற பதில் கிடைத்தது.

ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பிரதி இணையத்தில் இருக்கிறது, சில பக்கங்கள்தான். 1.2ஐயும் 1.4ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளோடு வாசியுங்கள். 'பீப்பிள்ஸ்' என்பதற்குள் நாங்கள் இருக்கிறோமா, 'அதர்' என்பதற்குள்ளா என்று கேளுங்கள். என் வகுப்பில் பிள்ளைகள் சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள். மணி அடித்தும் வாதம் முடியவில்லை.