கோணிச்சாக்கும் நீலத்தொட்டியும்

எங்க தொப்பம்பட்டி பக்கம் குப்பைன்னா அதுக்கு அர்த்தமே வேற. "காட்டுக்கு ரெண்டு வண்டி குப்பை அடிக்கணும்"னு அப்பாரு சொன்னா, எருவைத்தான் சொல்றாருன்னு அர்த்தம். சாணி, அடுப்புச் சாம்பல், மாடு தின்னது போக மிச்சம் எல்லாம் எருக்குழிக்குப் போகும். அப்பத்தாவோட ஓட்டைக் குண்டாவும் என்னோட பிஞ்ச செருப்பும் பேரீச்சம்பழமா மாறி வரும். (ஒரு தடவை நல்லா இருந்த பித்தளைச் சொம்பையே பேரீச்சம்பழமாக்கிட்டு நான் வாங்கின அடி தனிக்கதை. :-)) தூக்கிப் போடுறதுன்னு எதுவுமே இல்லாத வீட்லேர்ந்து, தூக்கிப் போடுறதுக்குன்னே சமையலறைச் சுவத்துல ஓட்டை வெச்ச ஊருக்கு 2003-ல போய் இறங்கினேன். சிங்கப்பூர்.

நிஜமாவே ஓட்டைதாங்க. பழைய வீவக வீடுகள்ல சமையலறையிலயே ஒரு இரும்பு மூடி இருக்கும். திறந்து போட்டா பதினோராவது மாடிலேர்ந்து 'தொம்'னு கீழ போய் விழும். அதுக்கப்புறம் அது நம்ம பிரச்சினை இல்லை. குப்பையைப் பிரிக்கிற பழக்கம் அந்த ஊர்ல வேர் விடாததுக்கு இந்த ஓட்டைதான் முதல் காரணம்னு நான் இன்னிக்கும் நினைக்கிறேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். சிங்கப்பூரின் சுத்தம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1968 அக்டோபரில் லீ குவான் யூ துப்புரவு இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். ஆனால் அந்த இயக்கம் தெருவைச் சுத்தமாக வைப்பது பற்றியது. பெருக்கி எடுத்த குப்பை எங்கே போகும் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் கழுத்தைப் பிடித்தது. 1970-ல் நாளொன்றுக்கு சுமார் 1,200 டன்னாக இருந்த குப்பை, 2016-ல் 8,500 டன்னைத் தாண்டிவிட்டது. புதைக்க நிலம் ஏது? எரிக்கலாம் என்று 1979-ல் உலு பாண்டானில் முதல் எரியாலையைத் திறந்தார்கள். எரித்தாலும் சாம்பல் மிஞ்சுமே! தீவில் கடைசியாக இருந்த லோரோங் ஹாலூஸ் குப்பைக்கிடங்கு 1999 மார்ச்சில் நிரம்பி மூடப்பட்டது. மறுநாளே, ஏப்ரல் 1-ல், புலாவ் செமாக்காவ் திறக்கப்பட்டது. கடலுக்குள் 7 கிலோமீட்டருக்குக் கல்லணை கட்டி, 350 ஹெக்டேரை வளைத்து, அதற்குள் சாம்பலைக் கொட்டுகிறார்கள். அங்கே இருந்த மீனவக் குடும்பங்களை அதற்கு முன்பே தீவிலிருந்து வெளியேற்றியாயிற்று. அந்த இடமும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசாங்கத்தின் கணக்கு.

ஆக, 2001 ஏப்ரலில் தேசிய மறுபயனீட்டுத் திட்டம் வந்தது. வீட்டுக்கு வீடு பை கொடுத்து, ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து வாங்கிட்டுப் போனாங்க. அப்புறம் அக்கம்பக்கத்து புளோக்குகளுக்குச் சேர்த்து பொதுத்தொட்டி வெச்சு, 2014-ல புளோக்குக்கு ஒண்ணுன்னு ஆக்கினாங்க. நீலக்கலர். காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம் எல்லாத்தையும் ஒரே தொட்டியில போடலாம், பின்னாடி ஆலையில பிரிச்சுக்குவாங்க.

இதுக்கெல்லாம் முன்னாடியே அங்க ஒரு மறுசுழற்சி இருந்துச்சு. அதுக்குப் பேர் கராங்குனி. கையில ஹாரனை அமுக்கிக்கிட்டே புளோக் புளோக்கா வருவாங்க. பழைய பேப்பர், துணி, ரேடியோ எல்லாம் காசு கொடுத்து வாங்கிக்குவாங்க. கராங்குன்னா மலாயில மூட்டை. குனின்னா? நம்ம கோணிதான்! கோணிச்சாக்கு கப்பலேறிப் போய் அங்க ஒரு தொழிலுக்கே பேரா உட்கார்ந்திருக்கு. இது தெரிஞ்ச அன்னிக்கு நான் அடைஞ்ச சந்தோஷம் இருக்கே... மக்களே, அதை ஆபீஸ்ல ஒருத்தரும் புரிஞ்சுக்கலை.

ஆபீஸ்னதும் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு.

ஆணி கம்மியா இருந்த ஒரு மாசம், எங்க மாடிக்குப் பொதுவா மறுபயனீட்டுத் தொட்டி வைக்கணும்னு தீர்மானமாச்சு. நானும் ரெண்டு பேரும் பொறுப்பு. மூணு தொட்டி: பேப்பர், தகரம், பிளாஸ்டிக். மேல படம் ஒட்டினோம். காண்ட்ராக்டர் வந்து எடுத்துக்குவார். முதல் வாரமே ரெண்டு தொட்டி நிரம்பிடுச்சு. ஒரே பெருமை!

மாடியைச் சுத்தம் பண்ற சீன ஆண்டி ஒருத்தங்க இருந்தாங்க. அறுபதுக்கு மேல வயசு. எனக்கு தினமும் சிரிச்சு ஒரு 'மார்னிங்' சொல்றவங்க, அந்த வாரம் சொல்லலை. அடுத்த வாரமும் சொல்லலை. கூட வேலை பார்த்த சீன நண்பரைக் கேக்கச் சொன்னேன். அப்பத்தான் தெரிஞ்சது. இத்தனை வருஷமா எங்க குப்பைக் கூடையிலேர்ந்து பேப்பரையும் கேனையும் பொறுக்கிக் கட்டி வெச்சு, கராங்குனிக்காரருக்குப் போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. பெருசா ஒண்ணும் இல்லை, ஆனா அது அவங்க சொந்தக் காசு. அதைத்தான் படம் ஒட்டி, பூட்டுப் போட்டு நாங்க எடுத்துக்கிட்டோம்.

பூட்டை எடுத்துடலாம்னு கேட்டுப் பார்த்தேன். ஒப்பந்தம் போட்டாச்சு, முடியாதுன்னுட்டாங்க. நான் அதுக்கு மேல சண்டை போடலை. புதுசா வந்தவன், வொர்க் பர்மிட் பயம். என் கேனை மட்டும் கழுவி அவங்க வண்டியில வெச்சுட்டு வருவேன். வாங்கிக்குவாங்க. 'மார்னிங்' மட்டும் திரும்ப வரவே இல்லை.

2015-ல ஒரு சிங்கப்பூர் அமைச்சர், அட்டை பொறுக்கும் முதியவர்களில் சிலர் அதை உடற்பயிற்சியாகவும் செய்வதாக எழுதி வாங்கிக் கட்டிக்கிட்டார். ஊர் திரும்பின பிறகு அந்தச் செய்தியைப் படிச்சப்ப எனக்கு ஆண்டி ஞாபகம்தான்.

சரி, நீலத்தொட்டி ஜெயிச்சதா? 2022-ல் நாட்டின் மொத்த மறுசுழற்சி விகிதம் 57 சதவீதம். கேட்க நல்லா இருக்கும். அதில் பெரும்பங்கு கட்டட இடிபாடும் இரும்பும். வீடுகளை மட்டும் எடுத்தால் 2018-ல் 22 சதவீதமாக இருந்தது, 2022-ல் 12 ஆகிவிட்டது. நீலத்தொட்டிக்குள் விழுவதில் சுமார் 40 சதவீதம் சாப்பாடு, திரவம் பட்டுக் கெட்டுப்போனது என்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். மிச்சம் மீதி பபிள் டீயை யாரோ ஒருத்தர் ஊத்தினா, மத்தவங்க மடிச்சுப் போட்ட அத்தனை பேப்பரும் வீண். எல்லாருக்கும் பொதுன்னா யாருக்கும் சொந்தமில்லைங்கறதுதான் அந்தத் தொட்டியின் கதி. போதாக்குறைக்கு, 2018-ல் சீனா வெளிநாட்டுக் கழிவு பிளாஸ்டிக்கையும் கலப்புக் காகிதத்தையும் வாங்குவதை நிறுத்தியது. 2023-ல் வீட்டுக்கொரு நீலப்பெட்டி இலவசம் என்றார்கள். என் தங்கச்சி மாப்பிள்ளை ஈசூன்ல இருக்கார். அவர் வீட்டுல அந்தப் பெட்டியில குழந்தையோட பொம்மைங்க இருக்கு.

அதே 2023-ல் இன்னொரு சட்டத்திருத்தமும் செய்தார்கள். குளிர்பான பாட்டில், கேனுக்கு 10 காசு முன்பணம். காலியைத் திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பும். படிச்சதும் சிரிச்சுட்டேன். எங்க ஊர்ப் பெட்டிக்கடையில கோலி சோடா பாட்டிலுக்கு நடந்த அதே வியாபாரம்!

இப்ப தொப்பம்பட்டிப் பக்கமும் மக்கும் குப்பை, மக்காத குப்பைன்னு ரெண்டு கலர்த் தொட்டியோட தூய்மைக் காவலர் அக்கா விசிலடிச்சுக்கிட்டு வர்றாங்க. பழைய இரும்புக்காரர் டிவிஎஸ் ஃபிப்டியில ஸ்பீக்கர் கட்டிக்கிட்டு வர்றார். அம்மா ரெண்டு பேருக்கும் தனித்தனியா எடுத்து வைக்கிறாங்க. பாட்டிலும் அட்டையும் யாருக்குன்னு போன வாரம் கேட்டேன்.

"அந்த அக்காவுக்குத்தான்டா. அவரு வண்டி வெச்சிருக்காரு, அவளுக்கு என்ன இருக்கு?"ன்னாங்க.