மண்ணின் நோயும் கதிரவனின் மருந்தும்

இலையைத் தின்னும் புழுவை உழவன் கண்ணாற் காண்கின்றான். வேரைப் பற்றும் பங்கசை அவன் காண்பதில்லை. செழித்து நின்ற கத்தரிச்செடி வாடிச் சாய்ந்த பின்னரே மண்ணில் நோயுண்டு என்பதை உணர்கின்றான். பயிர் அழிந்த பின்னும் அந்நோய்க்கிருமி மண்ணிலே பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்க வல்லது. ஆதலின் மண்வழி நோய்களின் வரலாறு, நிலத்தை விட்டு உழவன் நீங்குவதா, நிலத்திலிருந்து நோயை நீக்குவதா என்னும் வினாவின் வரலாறாகும்.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த பாலையூற்றும் அதனைச் சூழ்ந்த மாவட்டமும் உலர்வலயத்தைச் சேர்ந்தவை. வடகீழ்ப் பருவமழை ஐப்பசி முதல் தை வரை பெய்யும். அதன்பின் வருவது கச்சான் வீசும் நெடுங்கோடை. நெல்வயலில் தேங்கும் நீர், மண்ணிற் காற்றைக் குறைத்துப் பங்கசுகள் பலவற்றை நலியச் செய்யும். மேட்டுநிலப் பயிருக்கு அவ்வாய்ப்பு இல்லை. அங்கு முன்னோர் கையாண்ட வழி சேனைச் செய்கையாகும். காட்டை வெட்டி எரித்தபோது தீ மேன்மண்ணைச் சுட்டது. ஓரிரு போகத்தின் பின் நிலத்தைத் தரிசாக விட்டபோது நோய்க்கிருமி பற்றிவாழப் பயிரின்றி மெலிந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத சேனை நிலங்களை முடிக்குரியனவாகக் கொண்டது. பின்னர் மக்கட்பெருக்கமும் சேர்ந்துகொள்ள, இடம் மாறிப் பயிரிடும் வழி குறுகிற்று. ஒரே துண்டு நிலத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் எனும் ஒரே குடும்பப் பயிர்கள் தொடர்ந்து நடப்படுமிடத்து நோய் வேரூன்றுவது இயல்பே.

இந்நோய்களை அறிவியல் நோக்கில் ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் எட்வின் ஜோன் பட்லர். இந்தியாவின் பூசா ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய அவர், துவரையின் வாடல் நோய்க்குக் காரணமான மண்வாழ் பங்கசை 1910இல் இனங்கண்டு விளக்கினார். பயிர்ச்சுழற்சியும் நோய் தாங்கும் இனங்களுமே அக்காலத்தின் முதன்மையான மருந்துகள். ஆயின், சுழற்சிக்கு நிலம் வேண்டும். சிறு தோட்டக்காரனிடம் இல்லாதது அதுவே.

வேறொரு வழி வெயிலிலேயே இருந்தது. உழுத புழுதியை நாலிலொன்றாகும்படி காயவிட்டால் எருவின்றியே பயிர் செழிக்கும் என்பது திருக்குறளின் 1037ஆம் பாடற் கருத்து. அங்கு நோய் பேசப்படவில்லை எனினும், கோடையுழவின் பயனைத் தமிழுழவர் நெடுங்காலம் அறிந்திருந்தமைக்கு அது சான்றாகும். இருபதாம் நூற்றாண்டில் யோர்தான் பள்ளத்தாக்கின் உழவரும் விரிவாக்க அலுவலரும், பொலித்தீன் விரித்த நிலம் மிகச் சூடேறுவதைக் கண்டனர். அதனைப் பின்பற்றி ஆராய்ந்த இஸ்ரேலிய அறிஞர் யாக்கோவ் கட்டானும் குழுவினரும் 1976இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். நனைத்த மண்ணை ஒளிபுகும் பொலித்தீனால் கோடையில் மூடியபோது, மேன்மண்ணின் வெப்பம் மூடாத மண்ணைவிட ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் உயர்ந்தது. கத்தரியின் வாடல் நோயும் குறைந்தது. ஈரம் வெப்பத்தை ஆழத்திற்குக் கடத்தும். கிருமியையும் உறக்கத்தினின்று எழுப்பி எளிதில் மடியச் செய்யும். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் மூடிவைத்தல் போதுமானது. ஐதராபாத்தை அடுத்த பட்டஞ்சேருவில் 1972இல் நிறுவப்பட்ட சர்வதேசப் பயிராராய்ச்சி நிலையமும் துவரை, கடலைப் பயிர்களில் இம்முறையின் பயனை 1988இல் எடுத்துக்காட்டியது.

செல்வ நாடுகளோ மெதைல் புரோமைட்டு எனும் நச்சுவாயுவையே பெரிதும் நம்பின. அது ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், 1992இல் மொன்றியல் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. சில விதிவிலக்குகள் தவிர, வளர்ந்த நாடுகள் 2005ஆம் ஆண்டிலும் வளர்முக நாடுகள் 2015ஆம் ஆண்டிலும் அதனைக் கைவிட நேர்ந்தது.

வெயில் மருத்துவம் குறையற்றதன்று. கரியழுகல் நோய்ப் பங்கசு வெப்பத்தை ஓரளவு தாங்கும். கிழிந்த பொலித்தீன் நிலத்துக்கே கேடாகும். எனினும், மாரிப் போகத்திற்கு முன் மேட்டுநிலம் வெறிதே கிடக்கும் ஆடி, ஆவணி மாதங்களே இதற்கு ஏற்ற காலம் என்பது ஈண்டு எண்ணத்தக்கது. சேனைக்காரன் நோயை விட்டகன்றான்; இன்றைய உழவனுக்கு அகல்வதற்கு இடமில்லை. அவன் நிலத்தில் நிலைத்திருக்க வேண்டுமாயின், பகையெனக் கருதிய கோடையையே துணையாகக் கொள்ளுதல் வேண்டும்.