குறைந்தது கொழுப்பா, தசையா?

எடைக் குறைப்பு ஆபரேஷன் முடிந்து மூணாவது மாசம் ஒரு அக்கா செக்கப்புக்கு வந்தாங்க. 22 கிலோ குறைஞ்சிருக்கு, முகமெல்லாம் சிரிப்பு. ஆனா, "தரையில உட்கார்ந்தா கையை ஊணாம எந்திரிக்க முடியல டாக்டர்" என்றார். விசாரித்தால், கொடைக்கானலில் சொந்தக்காரர் வீட்டில் முழு ஓய்வு. மூணு வேளையும் கஞ்சி.

மக்களே, இந்த 'மலைக்குப் போய் படுத்து எந்திரி' வைத்தியத்துக்கு வயசு அதிகம். கொடைக்கானல் ஊரே அப்படிப் பிறந்ததுதான். மதுரைச் சமவெளியில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள், 1845-ல் பழனி மலை மேலே இரண்டு பங்களா கட்டினார்கள். காய்ச்சலுக்குத் தப்பிக்க அது சரியான யோசனை. (அவர்களைச் சுமந்து ஏறியது கூலித் தொழிலாளர்களின் தொடையும் தோளும். அந்தப் பாதைக்குப் பேரே கூலி காட்.)

ஆனால் படுக்கை, தசைக்கு எதிரி. ஆபரேஷன் ஆனவரைச் சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்கணும் என்பதே டாக்டர்களுக்கு இரண்டாம் உலகப் போர் சமயத்தில்தான் பரவலாக உறைத்தது.

சரி, நடந்தா மட்டும் போதுமா? அதுவும் போதாது. அதே போர்க்காலத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஒரு ஆய்வைத் தொடங்கினார். தாமாக முன்வந்த 36 இளைஞர்கள். 24 வாரம் அரைப்பட்டினி. உருளைக்கிழங்கு, ரொட்டி, மக்ரோனி மாதிரிச் சாப்பாடு. வாரத்துக்கு 22 மைல் நடை வேற! எடையில் ஏறக்குறைய கால்வாசி போனது. நடந்தும்கூடத் தசை கரைந்தது. திரும்ப நல்லா சாப்பிட ஆரம்பித்தபோது கொழுப்பு முந்திக்கொண்டு வந்தது, தசை மெதுவாகத்தான் வந்தது. இதெல்லாம் 1950-லேயே இரண்டு பெரிய வால்யூமாக அச்சில் வந்துவிட்டது.

அதே மின்னசோட்டாவில் 1954-ல் கிரெமன், லின்னர் குழு சிறுகுடலின் பெரும்பகுதியைத் தாண்டி இணைக்கும் ஆபரேஷனைப் பற்றி எழுதியது. அந்த வழியில் வந்த குடல் பைபாஸில் எடை என்னவோ இறங்கியது. கூடவே புரதக் குறைபாடும் கல்லீரல் பாதிப்பும் வந்தன. 1980 வாக்கில் அதைக் கைவிட்டார்கள். தராசை மட்டும் பார்த்ததுக்குக் கொடுத்த விலை என்பது என் அபிப்பிராயம்.

இப்போ செய்யும் ஸ்லீவ் ரொம்பவே பாதுகாப்பானது. ஆனால் இரைப்பையில் முக்கால்வாசி போய்விடும். ஒரு இட்லியிலேயே வயிறு நிறையும். அந்தச் சின்ன இடத்தைக் கஞ்சிக்குக் கொடுத்தால் புரதம் எங்கே போகும்? நம்ம சாப்பாட்டின் இந்தப் பலவீனத்தைக் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் எலிகளை வைத்தே காட்டிவிட்டார். கோதுமை, பால், பருப்பு உள்ள சீக்கியர் சாப்பாட்டில் வளர்ந்த எலிகள் எடையில் முதலிடம். அரிசியை நம்பிய 'மதராஸ்' எலிகள் கடைசி.

அக்காவுக்கு எழுதிக் கொடுத்தது: நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம். முட்டை ஒன்றில் 6 கிராம், 100 மில்லி பாலில் 3. மீன், பனீர், கொடைக்கானல் மார்க்கெட்டில் கிடைக்கிற பட்டர் பீன்ஸ் குழைய வேகவைத்து. தட்டில் முதல் வாய் இதுதான், சோறு அப்புறம். (கிட்னி பிரச்சினை உள்ளவங்க உங்க டாக்டரைக் கேட்காம இந்த அளவை எடுத்துக்காதீங்க.) ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர், முடிஞ்ச வரை நடை. அதோட நாற்காலியில் உட்கார்ந்து கை ஊணாமல் எழுவது, பத்துப் பத்தாக, தினமும் இரண்டு வேளை.

அடுத்த மாசம் வரும்போது எடை பார்ப்பதற்கு முன்னாடி தரையில் உட்காரச் சொல்லப் போறேன்.