இணையவழி உயர்கல்வி: வந்த பாதையும் நாம் கவனிக்க வேண்டியதும்



சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் திருநீர்மலையில் எங்கள் பகுதி இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஹிஃப்ளு முடித்தவர். பிறகு ஆயத்தப் படிப்பு எழுதி, தொலைநிலைக் கல்வியில் பட்டமும் வாங்கியிருந்தார். "ஹஜரத், அரசுத் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டேன். பத்தாவது, பன்னிரண்டாவது இல்லாத டிகிரி செல்லாதுன்னு சொல்லிட்டாங்க" என்றார். பணமும் மூன்று ஆண்டு உழைப்பும் போயின. சேரும் முன் அவருக்கு இதை யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அஞ்சலில் தொடங்கியது

கல்லூரிக்குப் போக முடியாதவரின் வீட்டுக்கே பாடம் போகட்டும் என்ற முயற்சி புதிதல்ல. நம் நாட்டில் 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இதில் இறங்கின. மதரஸாவில் ஓதி முடித்து, இமாமத் செய்துகொண்டே பி.ஏ. முடித்த என்னைப் போன்ற ஆலிம்கள் பலருக்கு இந்த வழிதான் கைகொடுத்தது. தபாலில் வரும் புத்தகக் கட்டு, ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பு, ஆண்டு இறுதியில் தேர்வு. அவ்வளவுதான் அன்றைய கல்லூரி.

அடுத்த கட்டம் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். பிரிட்டனில் 1969இல் நிறுவப்பட்ட திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதற்கு முன்மாதிரி. இந்தியாவில் முதலாவது 1982இல் ஹைதராபாத்தில் வந்தது. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் இக்னோ உருவானது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் சென்னையில் தொடங்கப்பட்டது. வயது வரம்பு, பழைய மதிப்பெண் போன்ற தடைகளை இவை பெரிதும் தளர்த்தின.

இணையத்துக்கு மாறியது

2001இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் தன் பாடக் குறிப்புகளை எல்லாம் இணையத்தில் இலவசமாக வெளியிடப்போவதாக அறிவித்தது. பட்டம் தராது, பாடத்தை மட்டும் எவரும் எடுத்துக்கொள்ளலாம். 2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஒன்றை இணையத்தில் திறந்துவிட்டபோது சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டே கோர்செரா, எடெக்ஸ் போன்ற தளங்கள் வந்தன.

இதற்கெல்லாம் இணையாக நம் பக்கத்திலேயே ஒரு பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது. கிண்டிக்கு அருகில் இருக்கும் சென்னை ஐ.ஐ.டி.யும் மற்ற ஆறு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, மத்திய அரசின் நிதியில் 2003இல் என்.பி.டெல் திட்டத்தைத் தொடங்கின. அப்போது சென்னை ஐ.ஐ.டி.யின் இயக்குநராக இருந்த பேராசிரியர் எம்.எஸ். ஆனந்த் இதன் முன்னோடிகளில் ஒருவர். ஐ.ஐ.டி. வகுப்பறைப் பாடங்கள் வீடியோவாகி, எந்தச் சிற்றூர்க் கல்லூரி மாணவரும் பார்க்கும்படி ஆயின. 2014 முதல் தேர்வும் சான்றிதழும் சேர்ந்தன.

2017 ஜூலை 9 அன்று மத்திய அரசின் ஸ்வயம் தளம் தொடங்கப்பட்டது. இணைய வசதி இல்லாத வீடுகளுக்காக ஸ்வயம் பிரபா என்ற பெயரில் கல்வித் தொலைக்காட்சி அலைவரிசைகளும் வந்தன. கல்லூரி மாணவர் ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படித்து மதிப்பெண் சேர்க்கக் கல்லூரிகள் அனுமதிக்கலாம் என்று 2021இல் யுஜிசி விதி வகுத்தது.

2020இல் சென்னை ஐ.ஐ.டி. இன்னொரு படி மேலே போய், டேட்டா சயன்ஸ் பாடத்தில் இணையவழிப் பட்டப் படிப்பையே அறிவித்தது. இதற்கு ஜே.இ.இ. தேவையில்லை. நான்கு வாரப் பாடத்தைப் படித்து, தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமோ, பி.எஸ்சி., பி.எஸ். என எந்தப் படியிலும் நிறுத்திக்கொள்ளலாம். பாடம் வீட்டில், தேர்வு மட்டும் மையத்தில் நேரில். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு.

ஹல்காவும் இஜாஸாவும்

இந்த வரலாற்றில் நம் குடும்பங்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. முற்காலத்தில் பள்ளிவாசலில் உஸ்தாத் பாடம் நடத்தும் ஹல்காவில் எவரும் வந்து உட்காரலாம். வியாபாரி வருவார், வழிப்போக்கர் வருவார். ஆனால் இஜாஸா எல்லோருக்கும் கிடைக்காது. ஓதிக் காட்டி, உஸ்தாத் திருப்தி அடைந்த மாணவருக்கே அது கிடைத்தது. இணையக் கல்வியும் அப்படித்தான். அதில் மூன்று தரங்கள் இருக்கின்றன.

முதலாவது, பாடம். யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அறிவு கிடைக்கும், தாள் எதுவும் கிடைக்காது.

இரண்டாவது, சான்றிதழ். உதாரணமாக என்.பி.டெல் பாடத்தில் வாராந்தரப் பயிற்சிக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75 மதிப்பெண். படிப்பு இலவசம், தேர்வுக்குக் கட்டணம். இது ஒரு பாடத்தில் நம் தகுதியைக் காட்டும், பட்டம் ஆகாது.

மூன்றாவது, பட்டம். யுஜிசி அனுமதி பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிக் கல்லூரிப் பட்டங்களுக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யுஜிசி தெளிவுபடுத்தியது. அனுமதி பெற்ற நிறுவனம், அனுமதி பெற்ற படிப்பு என்ற இரண்டும் இருந்தால்தான் இது பொருந்தும். பொறியியல், மருத்துவம், செவிலியர், மருந்தியல், சட்டம் ஆகியவற்றை இவ்வழிகளில் நடத்த யுஜிசி அனுமதிப்பதில்லை. "வீட்டிலிருந்தே பி.இ." என்று யாராவது விளம்பரம் செய்தால் ஏமாந்துவிட வேண்டாம்.

சேரும் முன் செய்ய வேண்டியவை

வரிசை முக்கியம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அதன் பிறகு பெற்ற திறந்தநிலைப் பட்டமே தமிழக அரசு வேலைக்கு ஏற்கப்படும் என்று 2009இல் அரசாணை வந்தது. எங்கள் ஊர் இளைஞர் தடுக்கி விழுந்தது இங்கேதான். மதரஸாவில் ஓதும் பிள்ளைகள் அங்கிருந்தபடியே தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பையும், அதன்பின் மேல்நிலைத் தேர்வுகளையும் எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியும் இருக்கிறது. ஆனால் தமிழக அரசு வேலை நோக்கமாக இருந்தால், அந்தச் சான்றிதழ் ஏற்கப்படுமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மதரஸா நிர்வாகிகள் இதை மாணவரின் தனிப்பட்ட விஷயமாக விட்டுவிடாமல், பாடத்திட்டத்தோடு சேர்த்து ஏற்பாடு செய்தால் பல பிள்ளைகளின் ஆண்டுகள் மிஞ்சும்.

அடுத்து, அனுமதியைச் சரிபாருங்கள். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் ஒவ்வொரு பருவத்துக்கும் அனுமதி பெற்ற நிறுவனங்கள், படிப்புகளின் பட்டியல் இருக்கும். 2024 முதல் மாணவர்கள் அங்கே பதிவு செய்து அடையாள எண் பெறுவதும் கட்டாயம். இடைத்தரகர் பேச்சைவிட அந்தப் பட்டியல் நம்பத் தகுந்தது.

மூன்றாவது, முடிப்பதற்கு வீட்டில் வழி செய்யுங்கள். எடெக்ஸ் தளத்தில் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய முதல் 17 பாடங்களுக்குச் சுமார் 8,41,000 பதிவுகள் வந்தன; சான்றிதழ் பெற்றவை சுமார் 43,000 மட்டுமே. நூற்றுக்கு ஐந்து! சேர்வது எளிது என்பதால் விடுவதும் எளிதாகிவிடுகிறது. திருமணத்துக்குப் பின் படிப்பைத் தொடர நினைக்கும் நம் சகோதரிகளுக்கு இணையவழிக் கல்வி பெரிய நிஃமத். ஆனால் சமையல், பிள்ளைகள், விருந்தினர் எல்லாம் முடிந்து மிஞ்சும் நேரத்தில் படி என்று சொன்னால் அவர் எப்படி முடிப்பார்? தினம் இரண்டு மணி நேரம், ஒரு மூலை, தனக்கென ஒரு கைப்பேசி. கணவரும் மாமியாரும் இதை மட்டும் உறுதி செய்தால் போதும்.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் மதரஸா அறையில் இணைய இணைப்பும் நாலைந்து மேசைகளும் இருந்தால், தனியாகப் படித்துச் சலிப்பவர்கள் சேர்ந்து படிப்பார்கள். பட்டம் பெற்ற ஒருவர் வாரம் ஒருமுறை வந்து உட்கார்ந்தால் சந்தேகங்களும் தீரும்.

அந்த இளைஞர் இப்போது பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்குத் தயாராகிறார். குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தவருக்கு இது முடியாததல்ல. ஆனாலும் முதல் படியிலிருந்து மறுபடி ஏற வேண்டியிருக்கிறது. அடுத்த பிள்ளைக்கு இந்த நிலை வராமல், சேரும் முன்பே சொல்லிவிடுவோம். அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.