ஸோஃபைத் தாண்டிய பிறகு

எந்த கோலையும் நான் கோல்கீப்பர் பக்கமிருந்துதான் பார்ப்பேன். தூத்தூர் கடற்கரையில், இரண்டு கட்டுமரக் கட்டைகளை நட்டு அவற்றுக்கு நடுவே நின்று வளர்ந்தவனுக்கு வேறு பார்வை எங்கிருந்து வரும்?

1974 ஜூன் 15, மியூனிக். உலகக் கோப்பையில் இத்தாலியும் ஹைட்டியும். இடைவேளை முடிந்து பந்து உருளத் தொடங்கிய கையோடு ஃபிலிப் வோர்ப் ஒரு நீண்ட பாஸ் தள்ளிவிடுகிறார். டிஃபெண்டர்களைப் பின்னால் விட்டுவிட்டு ஓடுகிறார் இமானுவேல் சனோன். டினோ ஸோஃப் கோலை விட்டு வெளியே வருகிறார். வந்தது தப்பே இல்லை, நானும் வந்திருப்பேன். சனோன் அவரை ஒதுக்கிச் சுற்றிப்போய், காலியாகக் கிடந்த கோலுக்குள் பந்தைத் தட்டிவிட்டார். 1972 செப்டம்பருக்குப் பிறகு, 1142 நிமிடம் இத்தாலிக்காக ஒரு கோலும் வாங்காமல் நின்றவர் ஸோஃப். இத்தாலி பிறகு மூன்று போட்டு 3-1 என்று ஜெயித்துவிட்டது.

சனோனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுகிறார்கள். எனக்கோ இதற்குப் பிறகுதான் கதை. அப்போது அவருக்கு வயது 22. பெத்தியோன்வில்லின் டொன் போஸ்கோ கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த பையன். அந்த அணியே கிட்டத்தட்ட முழுக்க உள்நாட்டுக் கிளப் ஆட்கள்தான். 1973-ல் வட, மத்திய அமெரிக்க, கரீபியத் தகுதிப் போட்டியின் இறுதிச் சுற்று முழுவதும் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸிலேயே நடந்தது. ஹைட்டி 2-1 என ட்ரினிடாடை வென்றது. அந்த ஆட்டத்தில் ட்ரினிடாட் போட்ட நான்கு கோல்களை ரெஃப்ரி செல்லாது என்றார். அதை வெறும் சொந்த ஊர் ராசி என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆட்சியில் இருந்தவர் ஜான்-குளோட் டுவாலியே. 1971-ல் அப்பா சாகவும் 19 வயதில் நாற்காலியில் உட்கார்ந்தவர். கால்பந்து அவருக்குப் பிரியமான விஷயம். ஆட்சியாளருக்குப் பிரியமான ஆட்டத்தை ஆடுவது எவ்வளவு ஆபத்து என்பது இத்தாலி ஆட்டம் முடிந்ததுமே தெரிந்துவிட்டது.

டிஃபெண்டர் எர்ன்ஸ்ட் ஜான்-ஜோசப் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். உலகக் கோப்பையில் அப்படிச் சிக்கிய முதல் ஆள் அவர். ஆஸ்துமா மருந்து என்றார். அணி மருத்துவரே அதை மறுத்துவிட்டார். அணி தங்கியிருந்த இடத்தில், மற்றவர்கள் அறிய, சொந்த நாட்டு அதிகாரிகளே அவரை அடித்து இழுத்துப்போய் விமானம் ஏற்றினார்கள். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் அடுத்த ஆட்டத்துக்கு இறங்கியவர்கள் போலந்திடம் 7-0 என்று தோற்றதில் எனக்கு வியப்பில்லை. ஜான்-ஜோசப் பிழைத்தார், பின்னால் மறுபடி நாட்டுக்காகவும் ஆடினார்.

அந்த அணியினர் பயந்ததற்கு ஒரு முன்கதை உண்டு: ஹைட்டிக்காரர் ஜோ கேட்ஜன்ஸ். கணக்கியல் படிக்க நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனவர். செலவுக்கு உணவகத்தில் பாத்திரம் கழுவினார், ப்ரூக்ஹாட்டன் கிளப்புக்கு ஆடினார். 1950 ஜூன் 29, பிரேசிலின் பெலோ ஹொரிசோன்டேயில் உலகக் கோப்பை ஆட்டம், அமெரிக்க அணிக்காக இறங்கினார். வால்டர் பார் அடித்த பந்து வேறு பக்கம் போய்க்கொண்டிருக்க, பாய்ந்து தலையைக் கொடுத்தார். அமெரிக்கா 1, இங்கிலாந்து 0. கோல்கீப்பர் பெர்ட் வில்லியம்ஸுக்காக இன்றும் வருந்துகிறேன். பந்தின் திசையைக் கணித்து அந்தப் பக்கம் நகர்ந்த பிறகு திசையே மாறினால் யாரால் என்ன செய்ய முடியும்?

பிறகு கேட்ஜன்ஸ் பிரான்ஸில் ரேசிங் கிளப் டி பாரி, ஆலெஸ் என்று ஆடிவிட்டு ஊர் திரும்பினார். 1953 டிசம்பரில் மெக்சிகோவுக்கு எதிராக ஹைட்டிக்கு ஒரே ஓர் ஆட்டம். அப்புறம் ட்ரை கிளீனிங் கடை. அவருக்கு அரசியல் கிடையாது. ஆனால் அவர் குடும்பம் 1957 தேர்தலில் மூத்த டுவாலியேவை எதிர்த்து நின்ற லூயி டெஜ்வாவின் பக்கம். 1964-ல் டுவாலியே ஆயுட்கால அதிபரானார். ஜூலை 8 அன்று அவருடைய ரகசியப் படையான டொன்டொன் மக்கூட் ஆட்கள் கடை வாசலில் வைத்து கேட்ஜன்ஸைப் பிடித்துப் போனார்கள். ஃபோர் டிமான்ஷ் சிறைக்குப் போனதோடு தடயம் நின்றுவிட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் சனோனின் பெல்ஜிய ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். 1974 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராகவும் ஒரு கோல் போட்டார். அந்தத் தொடரில் ஹைட்டிக்கு வந்த இரண்டு கோலும் அவருடையவையே. கோல்கீப்பர் ஃப்ரான்சியோன் மியூனிக்கிலேயே ஒரு கிளப்பில் சேர்ந்துகொள்ள, சனோனை ஆண்ட்வெர்ப்பின் பேர்ஸ்கோட் வாங்கியது. 1920 ஒலிம்பிக் நடந்த மைதானம், ஊதா நிற சட்டை, பனிக்காலச் சேறு. ஆறு ஆண்டு அங்கே. 1979-ல் க்ளப் ப்ரூகேவை 1-0 என வென்று பேர்ஸ்கோட் பெல்ஜியக் கோப்பையைத் தூக்கியது அவர் காலத்தில்தான். 1980-ல் அமெரிக்கா போனார். மியாமி, அப்புறம் சான் டியேகோ. முழங்கால் காயம் ஆட்டத்தை முடித்து வைத்தது. பின்னால் கொஞ்ச காலம் ஹைட்டி அணிக்குப் பயிற்சியாளர். 2008 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் ஆர்லண்டோவில், கணையப் புற்றுநோயால், 56 வயதில் காலமானார். கேட்ஜன்ஸ் 40 வயதில் மறைந்தவர். இருவரில் திறமைசாலி யார் என்று கேட்டால் கேட்ஜன்ஸ் என்பேன். அதிர்ஷ்டசாலி யார் என்று கேட்கவே வேண்டாம்.

2016-ல் கேரளா பிளாஸ்டர்ஸ் கிளப்பில் இரண்டு ஹைட்டிக்காரர்கள் ஆடினார்கள், பெல்ஃபோர்ட்டும் நாஸோனும். தூத்தூரிலிருந்து கொச்சி என்ன தூரம், எங்கள் ஊர்ப் பையன்களோடு ரயிலேறிப் போனேன். அரையிறுதியில் டெல்லிக்கு எதிராக பெல்ஃபோர்ட் போட்ட ஒரே கோலுக்கு ஸ்டேடியம் மஞ்சளாக எழுந்து நின்றது. பக்கத்தில் இருந்தவர் அவரை ஆப்பிரிக்கர் என்றார். இல்லை சேட்டா, கரீபியன் என்று ஆரம்பித்தேன், அவருக்குக் கேட்கும் நிலைமை இல்லை.

நாஸோன் பிறந்ததே பிரான்ஸில். இன்றைய அணியில் அவரைப் போன்றவர்களே அதிகம், 1974-க்கு நேர் தலைகீழ். கும்பல்களின் கைக்குப் போன போர்ட்-ஓ-பிரின்ஸில் ஆட முடியாததால் 'சொந்த மண்' ஆட்டங்களைக் குராசாவ் தீவில் ஆடினார்கள். தகுதிச் சுற்றில் கோஸ்டா ரிகாவுக்கு எதிராக 3-3 ஆட்டத்தில் மூன்றும் நாஸோன் போட்டவை. 2025 நவம்பர் 18 அன்று, அதே குராசாவில், நிகராகுவாவை 2-0 என வென்று, 52 ஆண்டு கழித்து ஹைட்டி மறுபடி உலகக் கோப்பைக்குள் வந்தது. அணியைத் தகுதி பெற வைத்த பிரெஞ்சுப் பயிற்சியாளர் மின்யே, பதவியேற்ற நாளிலிருந்து அதுவரை ஹைட்டி மண்ணை மிதித்ததே இல்லை.