டிரைட்டனின் பூர்வோத்தரம்

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட் முதலிய ஊர்களில் நடைபெறும் பழைய மோட்டார் சைக்கிள் கண்காட்சிகளில், தயாரித்த கம்பெனியின் பெயரும் வருஷமும் எழுதிய அட்டையைத் தாங்கி வரிசையாக நிற்கும் வண்டிகளுக்கு நடுவே, எந்தப் பெரிய கம்பெனியின் விலைப்பட்டியலிலும் ஒரு நாளும் இடம் பெறாத வண்டியொன்று தென்படுவதுண்டு. அதன் பெட்ரோல் டாங்கில் நார்ட்டன் என்று எழுதியிருக்கும். டாங்குக்குக் கீழே இருக்கும் என்ஜினோ டிரையம்ஃப் கம்பெனியுடையது. நார்ட்டன் பர்மிங்ஹாமில் தயாரானது. டிரையம்ஃப் கவென்ட்ரிக்கு அருகிலுள்ள மெரிடனில் தயாரானது. இரண்டையும் இணைத்தவர் யாரோ ஒரு வாலிபர், தம் வீட்டுக் கொட்டகையில். டிரைட்டன் என்ற பெயரால் அறியப்படும் இந்த வம்சத்தின் சரித்திரம், பெரிய தொழிற்சாலைகளின் சரித்திரத்தைப் போல முறையாக எழுதி வைக்கப்படவில்லை என்பதனாலேயே, ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியே பரிசீலித்து அறிய வேண்டியிருக்கிறது.

டிரையம்ஃபின் எட்வர்ட் டர்னர் 1937-ல் வெளியிட்ட ஸ்பீட் ட்வின், இரண்டு சிலிண்டர்களை அருகருகே நிறுத்திய 498 சி.சி. என்ஜினை ஒற்றைச் சிலிண்டர் வண்டிக்குரிய இடத்திலேயே அடக்கிக் காட்டியது. யுத்தத்துக்குப் பின் மற்ற பிரிட்டிஷ் கம்பெனிகள் அநேகமாக யாவும் அந்த வழியைப் பின்பற்றின. 1949-ல் அது 649 சி.சி. தண்டர்பேர்டாக வளர்ந்தது, 1959-ஆம் வருஷ மாடலாக வந்த பானவில், இரண்டு கார்புரேட்டர்களுடன் அந்த வளர்ச்சியின் உச்சியை எட்டியது. ஆனால் என்ஜினுக்கு இருந்த கீர்த்தி அதைத் தாங்கிய ஃபிரேமுக்கு இருந்ததில்லை. ஐம்பதுகளின் முற்பகுதி வரையில் பின்சக்கரத்தின் ஸ்பிரிங்கைச் சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே அடக்கும் ஏற்பாடுதான் அந்தக் கம்பெனியிடம் இருந்தது. அதைக் கைவிட்ட பிறகும், வேகமாக வளைவுகளில் திரும்புகையில் பின்பகுதி நெளிகிறது என்ற புகார் ஓயவில்லை.

நார்ட்டனின் நிலைமை இதற்கு நேர்மாறு. பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்காண்ட்லெஸ், தம் சகோதரர் குரோமியுடன் சேர்ந்து, இரண்டு குழாய்களை இரண்டு முழு வளையங்களாக வளைத்து, ஹாண்டில் திரும்பும் தலைப்பகுதியில் அவை ஒன்றையொன்று குறுக்கிடும்படி பற்றவைத்து உருவாக்கிய ஃபிரேமை, அக்கம்பெனியின் பந்தய வண்டிகள் 1950-ல் மான் தீவுப் போட்டிக்குக் கொண்டு சென்றன. சீனியர், ஜூனியர் என்ற இரு பந்தயங்களிலும் முதல் மூன்று இடங்கள் நார்ட்டனுக்கே கிடைத்தன. சீனியர் பந்தயத்தில் வென்றவர் ஜெஃப் டியூக். ஓட்டிப் பார்த்த ஹாரல்ட் டேனியல் இறகு மெத்தையில் அமர்ந்தாற்போல் இருக்கிறது என்று சொன்னதாகவும், ஃபெதர்பெட் என்ற பெயர் அதிலிருந்து நிலைத்ததாகவும் கூறுவர். பந்தயத்துக்குரிய மாங்க்ஸ் வண்டியில் ரெனால்ட்ஸ் கம்பெனியின் 531 ரகக் குழாயும், சாலைக்குரிய டாமினேட்டரில் சாதாரண உருக்குக் குழாயும் உபயோகமாயின.

சிறந்த என்ஜின் ஓரிடத்திலும் சிறந்த ஃபிரேம் வேறோரிடத்திலும் இருந்தால், இரண்டையும் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் தோன்றக்கூடியதே. அதற்கு மூலப்பொருள் கிடைத்த விதம்தான் விசித்திரமானது. 500 சி.சி. மூன்றாம் ஃபார்முலா கார்ப் பந்தயம் அக்காலத்தில் பிரசித்தி பெற்றிருந்தது. கூப்பர் முதலிய சிறு கார்களுக்கு மாங்க்ஸ் என்ஜினைக் காட்டிலும் உகந்தது வேறில்லை. நார்ட்டன் கம்பெனியோ என்ஜினைத் தனியே விற்க இணங்கவில்லை. ஆகவே காரோட்டிகள் முழு மோட்டார் சைக்கிளையே விலை கொடுத்து வாங்கி, என்ஜினைக் கழற்றிக்கொண்டு, உலகத்திலேயே தலைசிறந்த ஃபிரேமை மிச்சப் பொருளாக விற்றுவிட்டார்கள். அந்த மிச்சத்தில்தான் ஆரம்பகால டிரைட்டன்கள் பல உருவாயின. பின்னர், விபத்தில் சிக்கிய டாமினேட்டர்களும் என்ஜின் பழுதான நார்ட்டன்களும் அந்தத் தேவையைப் பூர்த்தி செய்தன.

இத்தகைய வண்டியின் முன் நின்று அதன் பூர்வோத்தரத்தை அறிய விரும்புகிறவர் டாங்கின் எழுத்தை நம்பலாகாது; என்ஜினின் வலப்புறத்தைப் பார்க்க வேண்டும். முக்கோண வடிவான மூடியும், இரு சிலிண்டர்களுக்கும் இடையே முன்னொன்றும் பின்னொன்றுமாக நிமிர்ந்து நிற்கும் குழாய்களும் டிரையம்ஃபின் அடையாளங்கள். நார்ட்டனின் இரட்டைச் சிலிண்டர் என்ஜினில் காம்ஷாஃப்ட் முன்புறம் ஒன்றே; அத்தகைய குழாய்கள் வெளியே தெரிவதில்லை. இடப்புறத்தில் சிலிண்டரின் அடியில் கிராங்க்கேஸில் பொறித்த எண் மாடலைச் சொல்லும்: 6டி என்றால் தண்டர்பேர்ட், டி120 என்றால் பானவில். கியர்பாக்ஸ் தனியே நின்றால் அந்த 650 சி.சி. என்ஜின் 1963-க்கு முற்பட்டது. 1963 முதல் இரண்டும் ஒரே வார்ப்பாகிவிட்டன. ஃபிரேமின் மேற்குழாய்கள் தொடைகளை அகற்றும்படி அகலமாக இருந்தால் அது பழைய ரகம்; இருக்கையின் முன்னே உள்நோக்கி ஒடுங்கினால் 1960-லோ அதற்குப் பின்னோ வந்தது.

இவ்வளவும் தொழிற்சாலைகளைப் பற்றிய அறிவு. என் மனத்தை அதிகம் கவர்வது, என்ஜினையும் ஃபிரேமையும் இணைக்கும் அலுமினியத் தகடுகள்தான். அவற்றை நார்ட்டனோ டிரையம்ஃபோ இதற்கென்று செய்து தரவில்லை. அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி, சங்கிலி ஓடும் கோடு மயிரிழையும் பிசகாதபடி துளையிட்டுப் பொருத்த வேண்டும். பிசகினால் சங்கிலி அறுந்து போகும். ஓரங்களில் அரம் ஓடிய கீறல்கள் இன்றும் தெரியுமானால், அவைதான் இவ்வண்டியைச் செய்தவருடைய கையெழுத்து. அக்காலப் பதிவுப் புத்தகம் உடன் இருக்குமாயின், பழைய என்ஜின் எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதி, கௌன்டி கௌன்சில் முத்திரையிட்ட பக்கம் அந்த இணைப்பு நடந்த நாளையே சொல்லிவிடும்.

லண்டனின் வடக்கு வட்டச் சாலையில், 1938-ல் தொடங்கி, யுத்தத்தில் குண்டுக்கு இரையாகி, 1949-ல் மறுபடி எழும்பிய ஏஸ் கஃபே முதலிய தேநீர்ச் சாலைகளில் கூடி, இத்தகைய வண்டிகளை ஓட்டிய வாலிபர்களுக்கு மணிக்கு நூறு மைல் என்பதே லட்சியம். ஹாண்டிலைத் தாழ்த்தி, கால்மிதியைப் பின்னுக்குத் தள்ளி, முன்னே குனிந்து அமரும்படி அவர்கள் வண்டியை மாற்றிக்கொண்டார்கள். அவர்களைப் போக்கிரிகள் என்று பத்திரிகைகள் ஏசின. உயிர்ச்சேதம் நிகழ்ந்தது உண்மையே. எனினும் அவர்களில் பலர் தேர்ந்த மெக்கானிக்குகள் என்பதை அந்தப் பத்திரிகைகள் மறந்துவிட்டன. லண்டனில் டிரெஸ்டா என்ற சிறு நிறுவனத்தை நடத்திய டேவ் டெகன்ஸ், டிரைட்டன்களைச் செய்து விற்றதோடு நில்லாமல், 1965-ல் ரெக்ஸ் புட்சருடன் சேர்ந்து தம் டிரைட்டனிலேயே பார்சிலோனாவின் இருபத்து நான்கு மணி நேரப் பந்தயத்தை வென்றார். கொட்டகையில் பிறந்த யோசனைக்கு அதைவிடப் பெரிய நற்சாட்சி தேவையில்லை.

இப்போது அசல் நார்ட்டனுக்கும் அசல் பானவில்லுக்கும் விலை ஏறிவிட்டபடியால், பழைய டிரைட்டனைப் பிரித்து, ஃபிரேமை ஒரு வண்டிக்கும் என்ஜினை மற்றொரு வண்டிக்கும் திருப்பிக் கொடுப்பதே நேர்மை என்று கருதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு என்பது என் திடமான அபிப்பிராயம். அறுபது ஆண்டுகள் ஒன்றாக ஓடிய இரண்டு பாகங்களைப் பிரித்தால், எத்தனையோ இருக்கும் அசல்களில் மேலும் இரண்டு சேரும். ஒன்றே ஒன்றாக இருந்த வண்டி இல்லாமற் போகும். இவ்வண்டியை வைத்திருப்பவர்கள் அந்தத் தகடுகளைப் பளபளப்பாக்க வேண்டாம். பதிவுப் புத்தகத்தைத் தொலைக்க வேண்டாம். கண்காட்சியில் வைக்கும் அட்டையில் ஃபிரேமின் வருஷத்தையும் என்ஜினின் வருஷத்தையும் தனித்தனியே எழுதி, செய்தவர் பெயர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.