விறைத்த விரல்களும் அறுபது வாட்ஸ் மின்சாரமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் தை மாதத்தில் லண்டன் சென்றிருந்தபோது, என் தங்கையின் மகனுடைய வீட்டில் இரு வாரங்கள் தங்கியிருந்தேன். பகலில் படிப்பு, இரவில் உணவுப் பொதி விநியோகம் என்று அவனது வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. 125 சிசி ஸ்கூட்டர் ஒன்று, பின்னால் ஒரு சதுரப் பெட்டி, சிவப்பு நிற 'எல்' எழுத்துப் பலகை. இரவு பதினொரு மணிக்கு மேல் வீடு திரும்புபவன் சாப்பாட்டுத் தட்டைத் தொடமாட்டான். முதலில் சமையலறைக் குழாயில் இளஞ்சூட்டு நீரைத் திறந்துவிட்டு, கைகளை அதன் கீழ் நீட்டியபடி ஐந்து நிமிடம் பேசாமல் நிற்பான். ஒருநாள் கேட்டேன். "மாமா, பிறேக்கைப் பிடிக்கிறன். ஆனால் பிடிச்சிருக்கிறனா இல்லையா எண்டு விரலுக்குத் தெரியேல்லை" என்றான்.

அந்த வார இறுதியில் அவன் வாங்கி வந்ததுதான் இக்கட்டுரைக்குக் காரணமான பொருள். மின்சாரத்தால் சூடேறும் இரண்டு இறப்பர்க் கைப்பிடிகள், ஒரு சிறிய ஆளி, கறுப்பு வயர்ச் சுருள் ஒன்று. வீட்டு வாசற்படியில் அமர்ந்து அவன் அவற்றைப் பூட்ட, நான் டோர்ச் லைட் பிடித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு எளிய பொருளைத் தொழிற்சாலையிலேயே பூட்டி விற்றால் என்ன என்ற கேள்வி எனக்கு அப்போதுதான் எழுந்தது. விடையைத் தேடிப் போனபோது, மோட்டார் சைக்கிளின் நூற்றாண்டு காலக் கதையே அதற்குள் இருப்பது தெரிந்தது.

குளிரில் விறைத்த விரலின் அருமை எனக்குத் தெரியாததல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இளம் செய்தியாளனாக இருந்த காலத்தில், ஆறு வோல்ட் பழைய ஹொண்டா ஒன்றை வைத்திருந்தேன். செய்தி சேகரிப்பதற்காக ஒரு மார்கழி இரவில் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறிக்கொண்டிருந்தேன். கையுறை என்ற பொருளைக் கொழும்பில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒரு வளைவில் எதிரே லொறி வந்தபோது முன் பிறேக்கை இழுக்க நினைத்தேன். நினைப்பு மாத்திரமே நிகழ்ந்தது, விரல்கள் மடங்கவில்லை. கால் பிறேக்கின் புண்ணியத்தால் கானுக்குள் இறங்கித் தப்பினேன். பிறகு எஞ்சினின் சிலிண்டர்ச் செதில்களை உள்ளங்கைகளால் அணைத்தபடி வீதியோரத்தில் கால் மணி நேரம் குந்தியிருந்தேன். உலகெங்கும் மோட்டார் சைக்கிள்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்த வைத்தியம் அது என்பதை அப்போது நான் அறியேன்.

விரல்களுக்குள் தசை கிடையாது. அவற்றை இயக்கும் தசைகள் முன்னங்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. நரம்புக் கயிறுகள் போன்ற தசைநாண்களே விரலுக்குள் ஓடுகின்றன. ஆகவே விரல் தானாக வெப்பத்தை உண்டாக்குவது மிகக் குறைவு. வருகின்ற குருதியின் சூட்டையே அது நம்பியிருக்கிறது. குளிர் கூடியதும் உடல் முதலில் செய்கின்ற காரியம், நெஞ்சையும் வயிற்றையும் காப்பதற்காக அந்தக் குருதியைக் குறைத்துக்கொள்வதுதான். இதன்மேல் காற்று வேறு. அந்தாட்டிக்காவில் தாம் செய்த சோதனைகளைக் கொண்டு போல் சைப்பிள், சார்ள்ஸ் பசெல் என்ற இரு அமெரிக்கர்கள் காற்றின் குளிர்விக்கும் ஆற்றலை அளந்து 1945இல் வெளியிட்டனர். கனடாவும் அமெரிக்காவும் 2001இல் திருத்தியமைத்த சூத்திரத்தின்படி பார்த்தால், வெப்பநிலை 2 பாகை செல்சியஸ் இருக்கும்போது மணிக்கு 50 கிலோமீற்றர் வேகக் காற்று வெறுந்தோலுக்கு மறை 5 பாகை போலப்படும். 0 பாகையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் அது ஏறத்தாழ மறை 11. மோட்டார் சைக்கிளில் அமர்ந்தவன் அந்தக் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறான். அதிலும் உடலுக்கு முன்னால் நீண்டு, எந்த மறைப்பும் இல்லாமல் அசையாது நிற்பவை கைகள். பிறேக், கிளட்ச், அக்ஸிலேற்றர் மூன்றும் அந்தக் கைகளிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

கொட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் 1885இல் ஜேர்மனியின் கான்ஸ்டாட்டில் ஓடவிட்ட மரச்சட்ட வண்டியில் மின்சாரம் என்பதே இல்லை. சூடேறிய குழாய் ஒன்றே எரிபொருளைப் பற்றவைத்தது. பின்னர் மக்னீற்றோ வந்தது. பொஷ் நிறுவனத்தின் உயர் அழுத்த மக்னீற்றோ 1902இல் உருவானது. ஆயினும் அது தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை மட்டுமே தந்தது. முன்விளக்குக்கோ கார்பைட் கல்லில் தண்ணீர் சொட்டவைத்து, கிளம்பும் அசற்றிலீன் வாயுவை எரித்தார்கள். வெளிச்சத்துக்கே மின்சாரம் இல்லாத வண்டியில் கைக்குச் சூடு கேட்பது எங்ஙனம்?

முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படையின் தகவல் காவிகள் ட்ரையம்ப் 'எச்' ரக வண்டிகளில் பிளாண்டர்ஸ் சேற்றினூடாகக் கடிதங்களைக் கொண்டு சென்றனர். அவர்களுக்கு இருந்த பாதுகாப்பு நீண்ட தோல் கையுறைகள்தாம். மேலங்கிக்குள் பழைய செய்தித்தாள்களை மடித்துச் செருகிக்கொண்டால் நெஞ்சில் காற்று ஏறாது என்பது அக்காலம் தொட்டே மோட்டார் சைக்கிள்காரர்களின் கைமருந்து. பத்திரிகைக்கு இப்படியொரு பயன் உண்டென்று எனக்கு எந்தப் பிரதம ஆசிரியரும் சொல்லித்தரவில்லை.

இரண்டாம் உலகப் போர் இந்தக் கதையில் ஒரு விசித்திரமான திருப்பம். உருசியப் பனியில் சிக்கிய ஜேர்மன் படையினரின் பி.எம்.டபிள்யூ ஆர் 75 பக்கப்பெட்டி வண்டிகளுக்கு ஒரு குளிர்கால ஏற்பாடு செய்யப்பட்டது. சைலன்சரின் வெப்பத்தைக் குழாய்கள் மூலம் ஓட்டுநரின் கைகளுக்கும் கால்களுக்கும் கொண்டு சென்றார்கள். மின்சாரம் போதாதவிடத்து வீணாகும் வெப்பத்தைத் திருப்பிவிட்ட அந்தப் பொறியியலாளரின் மூளையைப் பாராட்டத்தான் வேண்டும். அது எந்தப் படைக்குப் பயன்பட்டது என்பது வேறு விடயம். அதே காலத்தில் வானத்தில், வெப்பநிலை மறை 40 பாகைக்குக் கீழே இறங்கும் உயரத்தில், அமெரிக்கக் குண்டுவீச்சு விமானிகள் மின்சாரத்தால் சூடேறும் உடைகளை அணிந்திருந்தனர். விமானத்தின் 24 வோல்ட் மின்சாரத்தில் அவை இயங்கின. முதலில் வந்த உடைகளில் கம்பிகள் தொடராக இணைக்கப்பட்டிருந்தமையால், ஓரிடத்தில் அறுந்தால் உடை முழுவதும் குளிர்ந்துவிடும். விறைப்பினால் விரல்களை இழந்தோர் பலர். பின்னர் வந்த உடைகளில் இந்தக் குறை திருத்தப்பட்டது. ஆக, மனிதனின் கையை மின்சாரத்தால் சூடாக்கும் வித்தை 1940களிலேயே கைவந்துவிட்டது. அது வானத்திலிருந்து தரைக்கு இறங்கி வர ஏன் முப்பது, நாற்பது ஆண்டுகள் எடுத்தன?

இதற்கான விடை ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. போருக்குப் பிந்திய பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களில் பரவலாகப் பூட்டப்பட்டிருந்த லூக்காஸ் டைனமோவின் உச்ச ஆற்றல் 60 வாட்ஸ். அதில் ஏறத்தாழ முப்பதை முன்விளக்கு விழுங்கிவிடும். பின்விளக்கு, ஹோன், பற்றரியை நிரப்புதல் ஆகியவற்றுக்கு மீதி. ஒரு சோடி சூட்டுக் கைப்பிடிக்கு 40 முதல் 50 வாட்ஸ் வரை வேண்டும். கையைச் சூடாக்கினால் பாதை தெரியாது. பாதை தெரிந்தால் கை விறைக்கும். ட்ரையம்ப் நிறுவனம் 1953இல் தனது ஸ்பீட் ட்வினில் டைனமோவுக்குப் பதிலாக ஓல்டர்னேற்றரைப் பூட்டியது. அப்பொழுதும் கணக்கு உடனே மாறிவிடவில்லை. சிக்னல் சந்தியில் நின்றவுடன் முன்விளக்கு மண்ணெண்ணெய் விளக்குப் போல மங்கிப்போகும் ஆறு வோல்ட் வண்டியை ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. என் ஹொண்டாவும் அந்த இனம்தான்.

அக்காலத்து ஓட்டுநர்கள் வாளாவிருக்கவில்லை. ஜேர்மனியில் 1956இல், 'பச்சை யானை' என்று செல்லப்பெயர் பெற்ற சுண்டாப் கேஎஸ் 601 வண்டிக்காரர்கள், ஸ்டுட்கார்ட்டை அடுத்த சொலிற்றியூட்டில் நடுக்குளிர்காலத்தில் ஒன்றுகூடினர். ஏர்ன்ஸ்ட் லெவர்குஸ் என்ற மோட்டார் சைக்கிள் செய்தியாளர் தொடக்கிய அந்த 'யானைகள் சந்திப்பு' பின்னர் நூர்பூர்க்ரிங்குக்கு இடம் மாறியது. 1989 முதல் பவேரியக் காட்டில் நடந்து வருகிறது. என் தொழிலைச் சேர்ந்த ஒருவர் தொடக்கியது என்பதில் எனக்குச் சிறு பெருமை. இத்தகைய குளிர்காலப் பயணங்களில் ஓட்டுநர்கள் ஹாண்டிலின் இரு முனைகளிலும் கன்வஸ் உறைகளைக் கட்டி, கைகளை அவற்றுக்குள் நுழைத்துக்கொண்டனர். பார்ப்பதற்குப் பனியடுப்பில் கையை விட்டது போலிருக்கும். செலவில்லாதது, காற்றைத் தடுப்பது. ஆயினும் இல்லாத சூட்டை உண்டாக்க அதற்கு வழியில்லை.

மின்சாரம் பெருகியபோதுதான் வழி பிறந்தது. பி.எம்.டபிள்யூவின் 1969ஆம் ஆண்டு ஆர் 75/5 வண்டியில் ஓல்டர்னேற்றரின் ஆற்றல் 180 வாட்ஸ். சில ஆண்டுகளில் அது 280 ஆயிற்று. 1983இல் வந்த கே 100இல் 460. எழுபதுகளின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், விமானப் பாகங்கள் செய்யும் பட்டறை ஒன்றை நடத்திய கோர்டன் கேர்பிங் என்பவர், குளிரில் மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வந்த தன் ஊழியர்களுக்காக மின்சூட்டு உடைகளைச் செய்யத் தொடங்கினார். எண்பதுகளின் தொடக்கத்தில் பி.எம்.டபிள்யூ சூட்டுக் கைப்பிடியைத் தன் வண்டிகளுக்கு உபரிப்பொருளாக விற்க ஆரம்பித்தது.

இவ்விடத்தில் என் மனதில் பட்டதைச் சொல்லியாக வேண்டும். சூட்டுக் கைப்பிடி முதலில் போய்ச் சேர்ந்தது, விடுமுறைக்கு அல்ப்ஸ் மலையைச் சுற்றிவரும் வசதி படைத்தோரின் பெரிய வண்டிகளுக்கு. கடுங்குளிரில் நாள்தோறும் ஓட்டியே தீரவேண்டிய தபாற்காரர், பொதி காவி, வேலைக்குப் போகும் தொழிலாளி ஆகியோரின் சின்ன வண்டிகளுக்கு அது கடைசியாகவே கிடைத்தது. சின்ன எஞ்சினில் மின்சாரம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அது ஓர் ஆடம்பரம் என்ற எண்ணமும் நெடுங்காலம் நிலவியது. காரின் பின்கண்ணாடியைச் சூடாக்கும் கம்பியை யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை. கண் தெரிவது பாதுகாப்பு. கை இயங்குவது சொகுசாம்! தொழிற்சாலை விட்ட இந்த இடைவெளியை நிரப்பியவைதாம், வாங்கி வந்து நாமே பூட்டிக்கொள்ளும் கைப்பிடிகள்.

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. மொரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இல், குளிரில் விரல்கள் வெளிறிப்போகும் நோயைத் தன் ஆய்வேட்டில் விவரித்தார். அமெரிக்காவின் இண்டியானாவில், பெட்போர்ட் சுண்ணாம்புக்கல் தொழிலாளரின் விரல்கள் அவ்வாறே வெளிறுவதை அலிஸ் ஹமில்டன் 1918இல் ஆராய்ந்து, அதிரும் காற்றழுத்தச் சுத்தியலே காரணம் எனக் காட்டினார். அதிர்வும் குளிரும் சேர்ந்தால் விரலுக்குக் கேடு. மோட்டார் சைக்கிளின் ஹாண்டில் இரண்டையும் தாராளமாகத் தருகிறது.

வாசற்படிக்குத் திரும்புவோம். பழைய கைப்பிடிகளைக் கத்தியால் கீறி உரித்தெடுத்தான் மருமகன். வலப்பக்கத்தில், அக்ஸிலேற்றர் சுழலும் பிளாஸ்ரிக் குழாயின் மேல் சிறு சிறு மேடுகள் இருந்தன. அவற்றை அரத்தால் தேய்த்தால்தான் புதியது ஏறும். பசை போடுமுன், வயர் எந்தத் திசையில் வெளிவர வேண்டும் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். இதில்தான் உயிர் இருக்கிறது. வலக் கைப்பிடி சுழலும்போது அதன் வயரும் கூடவே அசையும். அது பிறேக் லீவரில் சிக்கினால், அக்ஸிலேற்றர் திறந்தபடியே நின்றுவிடும். அவன் ஹாண்டிலை இடமும் வலமும் முற்றாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அக்ஸிலேற்றரை முறுக்கிவிட்டுப் பார்த்தான். கைவிட்டதும் அது தானாக மூடிக்கொள்கிறதா என்பதை நான் டோர்ச்சோடு குனிந்து பார்த்தேன். மூன்று முறை சரிபார்த்த பிறகே பசையைத் தொட்டான்.

ஆனால் மின்னிணைப்பில் அவசரப்பட்டுவிட்டான். பியூஸ் ஒன்றைப் போட்டு, வயரை நேரே பற்றரியில் கொடுத்தான். மறுநாள் இரவு ஓர் உணவகத்தின் முன் வண்டியை நிறுத்தித் திறப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனவன், கைப்பிடியின் ஆளியை நிறுத்த மறந்துபோனான். அங்கே சமையல் தாமதம். 12 வோல்ட்டில் நான்கு அம்பியர் வரை இழுக்கும் பொருள், சின்ன ஸ்கூட்டரின் பற்றரியைச் சும்மா விடுமா? திரும்பி வந்தபோது ஸ்டார்ட்டர் 'டிக்' என்றதோடு சரி. சுடச்சுட இருந்த பிரியாணிப் பொதியை முதுகில் போட்டுக்கொண்டு வாடிக்கையாளர் வீட்டுக்கு நடந்தே போனானாம். அந்த இரவின் உழைப்பு அத்தோடு போயிற்று.

அடுத்த நாள் ரிலே ஒன்று வாங்கி வந்தோம். பின்விளக்கின் இணைப்பிலிருந்து ரிலேயைத் தூண்டும்படி செய்தால், திறப்பைத் திருகியிருக்கும்போது மட்டுமே கைப்பிடிக்கு மின்சாரம் போகும். திறப்பை எடுத்ததும் நின்றுவிடும். இப்பொழுது வரும் பல கைப்பிடிகளில் பற்றரியின் வோல்ட் குறைந்தால் தானாகவே நிற்கும் ஏற்பாடும் உண்டு. இவனுடையது மலிவானது, அதில் இல்லை. சந்திகளில் நிற்கும்போது எஞ்சினின் வேகம் குறைவதால் மின்னுற்பத்தியும் குறையும் என்பதையும் அவனுக்குச் சொன்னேன். ஆறு வோல்ட் ஹொண்டா எனக்குக் கற்றுத்தந்த ஒரே பாடம் அது. நிற்கும் இடங்களில் சூட்டைக் குறைத்துக்கொள்ளப் பழகிவிட்டான்.

அன்றிரவு பதினொன்றரைக்கு வந்தவன் சமையலறைக் குழாயைத் திறக்கவில்லை. நேரே மேசையில் வந்து அமர்ந்து, பிட்டைக் கையால் குழைத்துச் சாப்பிடத் தொடங்கினான். எப்படி என்று கேட்டேன்.

"வலக்கை சுடுது மாமா. இடக்கைதான் கொஞ்சம் குறைவு."

அதற்கும் காரணம் இருக்கிறது. வலக் கைப்பிடி பிளாஸ்ரிக் குழாயின் மேல் இருப்பதால் சூடு உள்ளே போகாமல் கைக்கே வருகிறது. இடது கைப்பிடியோ நேரே இரும்பு ஹாண்டிலின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. பாதிச் சூட்டை அந்த இரும்பு உறிஞ்சிக்கொள்கிறது. அடுத்த முறை ஒட்டும்போது இடையில் வெப்பம் கடத்தாத நாடாவைச் சுற்றினால் சரியாகிவிடும் என்றேன். தலையாட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டான்.